போட்டது வருமா

பிள்ளையாருக்குச் சிதறுகாய் போட நின்ற இடத்தில்கூடப் பக்கத்து வீட்டு அண்ணன் அந்தக் கேள்வியைக் கேட்டார். என் சின்ன மகளுக்கு அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, வேண்டுதலைத் தீர்க்கக் கூடையோடு போயிருந்தோம். அவர் பட்டறைக்குப் போகிற வழி அது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றுவிட்டார்.

"எத்தினி காய் தங்கச்சி?"

"பதினொண்ணுண்ணே."

இரண்டு உள்ளங்கைகளையும் முன்னால் நீட்டினார். தராசுத் தட்டுகள்போல ஒன்றை ஏற்றி ஒன்றை இறக்கினார். பிறகு மாற்றி ஏற்றி இறக்கினார்.

"போட்டது வருமா?"

"கன்னத்துல போட்டுக்குங்கண்ணே. சாமிகிட்டப் போயி இப்படிக் கேப்பாங்களா?"

"சாமிய எங்கமே கேட்டேன்? தேங்காயத்தான் கேக்கறேன்."

என் வீட்டுக்காரர் உடைத்தார். சிதறிய சில்லுகளில் இரண்டைப் பொறுக்கித் துண்டில் முடிந்துகொண்டு, "தோ, எனக்கு வந்துடுச்சி" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். பிள்ளையாரே சிரித்திருப்பார்.

அம்பத்தூர் பழைய ஊரில் எங்கள் தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்களுக்கு அவர் வருமா அண்ணன். குழந்தைகளுக்கு வருமா மாமா. எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். நான் எவர்சில்வர் குடம் வாங்கினால் எட்டிப் பார்த்து, "பித்தளைய வித்தா காசு வரும், இத்த வித்தா இன்னா வரும்?" என்பார். எதிர்வீட்டுக்காரர் நாய்க்குட்டி கொண்டுவந்தபோது அதன் முகத்தைப் பார்த்தே கைகளை ஏற்றி இறக்கினார். டீக்கடையில் இரண்டாவது டீ சொன்னதை யாரும் பார்த்ததில்லை. கஞ்சன் என்று சொல்ல முடியாது. எங்கள் மாமனார் இறந்தபோது பாடைக்கு மூங்கில் வாங்கி வந்தவர் அவர். அதற்குக் கணக்கே கேட்கவில்லை.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை அவரே சொன்னார். அவருடைய அப்பா இப்போது இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் இருக்கிற இடத்தில் ஒரு பண்ணையாருக்கு உழுதவர். தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்தபோது பண்ணையாருக்கு சர்க்கார் பணம் கொடுத்தது.

"எங்கப்பன் ஆயுசு பூரா அந்த மண்ணுல போட்டான். இன்னா வந்துச்சு? போட்டவன் ஒருத்தன், வந்தது ஒருத்தனுக்கு. நான் கேட்டுகினுதான் தங்கச்சி போடுவேன்."

அதே மண்ணின்மேல் எழுந்த வார்ப்படப் பட்டறையில்தான் அவர் வேலை செய்தார். இரும்பை உருக்கி அச்சில் ஊற்றும் வேலை. வலது உள்ளங்கையில் சூட்டுத் தழும்பு ஒன்று, விரல்களின் ஓரம் வரைக்கும் ஓடியிருக்கும். கைகளை நீட்டி நிறுக்கும்போதெல்லாம் அந்தத் தழும்புதான் முதலில் கண்ணில் படும்.

அவருக்கு ஒரே பையன். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கிலும் விஞ்ஞானத்திலும் பள்ளிக்கூடத்திலேயே முதலாக வந்தான். பட்டறை மேஸ்திரி அன்றைக்கே சொல்லிவிட்டாராம், பையனை அனுப்பு, அப்ரண்டிஸாகச் சேர்த்துக்கொள்கிறேன் என்று. பையன் வேறு சொன்னான். பி.யூ.சி. படித்து அதற்குமேல் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படிக்கவேண்டும் என்றான். மொத்தம் நாலு வருஷம்.

அன்று சாயங்காலம் அப்பனும் பிள்ளையும் பேசியது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

"அதுல இன்னாடா சொல்லித் தருவாங்கோ?"

"நீ ஊத்துறியே இரும்பு, அது எந்தச் சூட்டுல உருகும், ஆறும்போது ஏன் சுருங்குது, அதெல்லாம் நைனா."

"அது உருகுறது எனக்குத் தெரியும்டா. கை வெந்து தெரிஞ்சிகினேன். ஏன்னு தெரிஞ்சா கூலி ஏறுமா?"

"நீங்க ஊத்துறதுல பாதி ஏன் விரிசல் உடுதுன்னு தெரியும். ஒரு பக்கம் சீக்கிரம் ஆறுது, ஒரு பக்கம் மெதுவா ஆறுது. அது ஒண்ணுக்கொண்ணு இழுத்துக்குது."

விரிசல் விட்ட வார்ப்புக்கு அவர் கூலியில் பிடிப்பார்கள். அது அவர் வீட்டு அடுப்பு வரைக்கும் வந்த விஷயம்.

மறுநாளிலிருந்து அவர் விசாரிக்கப் புறப்பட்டார். பிசிக்ஸ் படித்தவன் என்ன ஆவான் என்பது ஒன்றுதான் கேள்வி. ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பவரைக் கேட்டார். மருந்துக் கடைக்காரரைக் கேட்டார். பேங்கில் வேலை பார்த்த ஒருவர் வீட்டு வாசலில் காத்திருந்து கேட்டார். ராத்திரி சாப்பிடும் முன் என்னிடமும் என் வீட்டுக்காரரிடமும் ஒப்பிப்பார்.

"டாக்டருக்குப் படிச்சா டாக்டரு. பி.காம்.னா பேங்க். பிசிக்ஸுன்னா வாத்தியாராவலாமாம். அதுக்கும் மேல தனியா ஒரு படிப்பு கீதாம். மருந்துக் கடைக்காரன் சொல்றான், ரேடியோ ரிப்பேர் பண்ணலாமாம்."

"ரேடியோ ரிப்பேருக்கு நேரா ரேடியோ ரிப்பேரே கத்துக்கலாமேண்ணே" என்றார் என் வீட்டுக்காரர்.

"அதான் நானும் கேட்டேன் மச்சான். முறைக்கறான்."

கைகள் ஏறி இறங்கின. ஒரு கையில் மேஸ்திரி தருகிற வேலை, அந்த மாதமே சம்பளம். இன்னொரு கையில் என்ன வைப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை. அப்ரண்டிஸ் பக்கம்தான் சாயும் என்று எல்லோரும் நினைத்தோம். முடிவு சொல்ல மேஸ்திரியைப் பார்க்கப் போனார். போனவர் திரும்பி வந்து, கால்கூடக் கழுவாமல், "காலேஜுக்குப் போடா" என்றார். அவ்வளவுதான். ஏன் என்று பிறகும் சொல்லவில்லை. அவர் மனைவிதான் கிணற்றடியில் சொன்னாள். அவள் எனக்கு அக்கா மாதிரி.

"மேஸ்திரிய கேட்டாராம், என் புள்ள எதுவரைக்கும் ஏறுவான்னு. என்னிய மாதிரி மேஸ்திரி ஆவான்யான்னு சொன்னாராம். சொல்லிட்டு ஒரு இருமல். நிக்கவே இல்லியாம். குனிஞ்சி சுவத்தப் புடிச்சிகினு இருமுனாராம். இவரு பாத்துகினே நின்னுட்டு வந்துட்டாரு."

அவர்களிடம் இரண்டு எருமைகள் இருந்தன. அக்கா பால் ஊற்றித்தான் வீட்டுச் செலவு. பி.யூ.சி. சேரும்போது ஒன்று போனது. பி.எஸ்ஸி. சேரும்போது அடுத்தது. தொழுவம் காலியான அன்று அக்கா அந்த இடத்தைப் பெருக்கிக் கோலம் போட்டாள். ஏன் போட்டாள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பிறகு அவள் கட்டட வேலைக்கு மண் சுமக்கப் போனாள். அவர் இரண்டு ஷிப்டு பார்த்தார். அந்த ஒரு டீயையும் விட்டார். பையன் விடியற்காலை ரயிலில் சென்ட்ரலுக்குப் போய், அங்கிருந்து பஸ்ஸில் காலேஜுக்குப் போவான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பையன் இங்கிலீஷ் புத்தகத்தைச் சத்தம்போட்டுப் படிப்பான். அவர் வாசற்படியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து கேட்பார். கோவிலில் புராணம் கேட்கிறவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள். ஒரு வார்த்தை புரியாது. நடுவில் பையன் நிறுத்தினால், "இன்னாடா, முட்சிட்டியா?" என்று கண்ணைத் திறப்பார்.

பையன் தேறினான். எங்கள் தெருவில் முதல் பட்டம். அந்தக் காலத்தில் பட்டம் வாங்கினால் ஸ்டூடியோவில் கறுப்பு அங்கியும் தொப்பியும் வாடகைக்குப் போட்டு, கையில் ஒரு சுருட்டிய காகிதத்தோடு படம் எடுத்துக்கொள்வார்கள். இவரே பையனைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கி பெரிதாக இருந்து தொளதொளவென்று தொங்கியதாம். இவர் பக்கத்தில் குந்தி, அதிகப்படித் துணியைச் சேர்த்து இழுத்துப் பிடித்துக்கொண்டாராம். படம் வந்து பார்த்தால் பையனின் இடுப்போரத்தில் இவருடைய நாலு விரல் விழுந்திருந்தது. ஸ்டூடியோக்காரர் இன்னொன்று எடுத்துத் தருகிறேன், அதற்குத் தனிக் காசு என்றிருக்கிறார்.

"இன்னொரு தபா எடுத்தா இவன் மூஞ்சி மாறவா போவுது? இதுவே போதும்னுட்டேன்" என்றார் எங்களிடம்.

ஆனால் கண்ணாடி போட்டுச் சட்டம் கட்ட மட்டும் பேரம் பேசவில்லை. நல்ல தேக்குச் சட்டம். கூடத்தில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அக்கா வெள்ளிக்கிழமை தோறும் அந்தச் சட்டத்துக்கும் குங்குமம் வைத்தாள். நான் சும்மா சீண்டினேன்.

"ஏண்ணே, இந்தப் படத்துக்குப் போட்டது வருமா?"

அவர் கையை நீட்டவில்லை.

"இதுக்கு ஒண்ணும் வர வாணாம் தங்கச்சி. இதான் வந்தது."

அப்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கோவிலில் தீபாராதனை சமயத்தில் சில முகங்களில் பார்த்திருக்கிறேன்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் வேலை இல்லை. போன இடத்திலெல்லாம் டைப் தெரியுமா, சுருக்கெழுத்து தெரியுமா என்று கேட்டார்கள். பள்ளிக்கூடங்களில் வாத்தியார் பயிற்சி எங்கே என்றார்கள். அதற்குப் பணம் கட்ட எருமை இல்லை. பையனுக்குப் பதிலாக மேஸ்திரி சேர்த்துக்கொண்ட பக்கத்துத் தெருப் பையன் நிரந்தரமாகி, சைக்கிள் வாங்கி, கல்யாணமும் முடித்துவிட்டான். மணி அடித்துக்கொண்டு அவன் எங்கள் தெரு வழியாகத்தான் போவான். டீக்கடையில் இளவட்டங்கள் இவரைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் நீட்டுவார்கள்.

"இன்னா அண்ணாத்தே, வந்துச்சா?"

"வரும், வரும். ரயிலு லேட்டாம்" என்பான் இன்னொருவன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு போவார். நான் வீட்டு விளக்கின் முன் உட்கார்ந்து, தாயே, அந்தப் பிள்ளைக்கு ஒரு வழி காட்டு என்று அழுதிருக்கிறேன். என் பிள்ளைகளுக்குக்கூட அப்படி வேண்டிக்கொண்டதில்லை.

கடைசியில் வழி ஒன்று தெரிந்தது. எஸ்டேட்டில் புதிதாக வந்த ஒரு கம்பெனியில் மெஷினுக்கு ஆள் எடுத்தார்கள். எஸ்.எஸ்.எல்.சி. போதும். அதற்குமேல் படித்தவர்களை எடுப்பதில்லை. படித்தவன் மெஷினில் நிற்கமாட்டான், சங்கம் சேர்ப்பான், வேறு வேலை கிடைத்தால் ஓடிவிடுவான் என்பது அவர்கள் எண்ணம். பையன் பட்டத்தை மறைத்து எழுதிக் கொடுத்தான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து இத்தனை வருஷம் என்ன செய்தாய் என்று கேட்டார்களாம்.

"எருமை மேச்சிகினு இருந்தேன் சார்னு சொன்னானாம் தங்கச்சி" என்றார் அவர். சிரிக்கத்தான் ஆரம்பித்தார். பாதியில் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

வேலை கிடைத்தது. ஒரு வருஷம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வார்கள். அதற்கு முன் கம்பெனியிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து, சொன்னதெல்லாம் சரிதானா என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துப் போவார். தெருவே ஒன்றாகிவிட்டது. கேலி செய்த இளவட்டங்கள்கூட, யார் கேட்டாலும் எஸ்.எஸ்.எல்.சி. என்றே சொல்வதாகப் பிள்ளையார்மேல் சத்தியம் செய்தார்கள்.

படம் ஒன்றுதான் பாக்கி. "எங்க ஊட்டுல வெச்சிக்கறேண்ணே, ஆள் வந்து போனதும் மாட்டிக்கலாம்" என்றேன். பையனும், "கழட்டிடு நைனா" என்றான். அவர் அசையவில்லை.

"நானே என் கையால எறக்கணுமா? வாணாம். மேல எதுனா மாட்டிக்க. எறக்க மாட்டேன்."

எங்கள் வீட்டில் பெரிய அம்மன் காலண்டர் ஒன்று இருந்தது. அதைக் கொண்டுவந்து படத்தின் மேலேயே மாட்டினேன். பொய்க்கு அம்மனைக் காவல் வைக்கிறோமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

வந்தவர் நல்ல மனுஷர். நெற்றியில் விபூதி. அக்கா வீட்டில் காப்பிப் பொடி இல்லாததால் நான் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அதனால்தான் எல்லாவற்றையும் பார்த்தேன். தெருவில் விசாரித்து முடித்துவிட்டு, திருப்தியாக வந்து கூடத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். இவர் எதிரில் கைகட்டி நின்றார். பையன் கதவோரம்.

"உன் பையனைப் பத்தி சூப்பர்வைசர் ரொம்பச் சொல்றார்ப்பா" என்றார் வந்தவர். "ஒரு மெஷின்ல பாகம் விரிசல் விட்டுக்கிட்டே இருந்திருக்கு. யாருக்கும் புரியலை. இவன் பார்த்துட்டு, ஆற வைக்கிற விதம் தப்புன்னு சொன்னானாம். சரியாப்போச்சு. மாடு மேய்ச்ச பையனுக்கு எப்படி இந்த மூளைன்னு அவருக்கே ஆச்சரியம்."

இவர் முகம் மலர்ந்தது. பையன் தரையைப் பார்த்தான்.

வந்தவர் காப்பியைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்தார். குரலில் நிஜமான வருத்தம் இருந்தது.

"நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதே. இப்படி ஒரு பிள்ளையை எருமை பின்னாடி அனுப்பிட்டியேப்பா. நாலு காசு போட்டுக் காலேஜ்ல படிக்க வச்சிருந்தா இன்னிக்கு எங்கே இருப்பான்? பெத்தவன் நீ, கொஞ்சம் யோசிச்சிருக்க வேண்டாமா? அவன் வாழ்க்கையை நீயே கெடுத்துட்டியே."

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஆமாம் சாமி, தப்புதான் என்று அவர் சொல்லியிருக்கலாம். அந்த மூன்று வார்த்தை போதும். தாயே, சொல்ல வை என்று நான் வேண்டிக்கொண்டே நின்றேன்.

அவர் கைகள் கட்டவிழ்ந்தன. ஏறவில்லை, இறங்கவில்லை. சுவரோரம் போனார். அம்மன் காலண்டரைக் கழற்றி, கண்ணில் ஒற்றி, என் கையில் கொடுத்தார்.

"பாத்துக்க சாமி. என் புள்ள பி.எஸ்ஸி. பிசிக்ஸ். ரெண்டு எருமைய வித்துப் படிக்க வெச்சேன். நான் ஒண்ணும் படிக்க வெக்காத அப்பன் இல்ல."

வந்தவர் நிமிர்ந்து படத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து, "நான் பார்க்காம இருந்திருக்கலாம்பா" என்றார். "பார்த்துட்டேன். சொல்லாம இருந்தா என் வேலை போயிடும்." செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

"ஏன் நைனா?" என்றான் பையன். அவர் காதுபட அவன் நைனா என்று கூப்பிட்டது அதுதான் கடைசி.

உண்மையை மறைத்ததாக அவனை நிறுத்திவிட்டார்கள். எஸ்டேட் முழுக்கச் செய்தி பரவியதால் வேறு கம்பெனிகளிலும் வாசலோடு அனுப்பினார்கள். கரையான்சாவடியில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் ஒரு சின்னக் கடையில் சேர்ந்தான். மாசத்தில் பாதி நாள் வேலை இருக்காது. பெண் கொடுக்க யாரும் வரவில்லை. அப்பனும் பிள்ளையும் ஒரே பானைச் சோறு தின்றார்கள், பேச்சு மட்டும் அக்கா வழியாகப் போய் வந்தது. "சாப்பிடச் சொல்லும்மா." "கதவத் தாப்பா போடச் சொல்லுமே." அவ்வளவுதான். அந்தப் படத்தை இரண்டு பேருமே இறக்கவில்லை.

அவர் அந்தக் கேள்வியை அதற்கப்புறம் கேட்கவே இல்லை. டீக்கடையில் சீண்டுவதையும் விட்டுவிட்டார்கள். நான் ஃபேன் வாங்கினேன், என் வீட்டுக்காரர் வாசலில் தென்னம்பிள்ளை வைத்தார், என் பெரியவளுக்கு ஒன்றுக்கு இரண்டாகச் சீர் செய்தோம். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு பேசாமல் போனார். கைகளைத் துண்டுக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது. கேட்டுவிடமாட்டாரா என்று எனக்கு ஏக்கமாக இருக்கும்.

பிறகு அவருக்கும் இருமல் வந்தது. மேஸ்திரிக்கு வந்த அதே இருமல். நான் கோவில் விபூதியை அவர் நெற்றியில் பூசும்போது, "இன்னா தங்கச்சி, அவன் சாப்ட்டானா?" என்று கேட்பார். வேறு எதுவும் கேட்கமாட்டார். ஒரு மாசிமாதம் போய்ச் சேர்ந்தார்.

காரியத்தன்று இலை போட்டு, அவருக்குப் பிடித்ததைச் சமைத்து வைத்தோம். விளக்கேற்றி மாலை போட அவர் படம் வேண்டும் என்றார்கள். அப்போதுதான் தெரிந்தது, அந்த வீட்டில் அவர் படம் ஒன்றுகூட இல்லை. தனக்கென்று ஒரு படம் எடுக்க அவர் காசு போட்டதே இல்லை. வெறும் சொம்பை வைத்துப் படைத்துவிடலாம் என்றார் ஒரு பெரியவர்.

பையன் எழுந்தான். சுவரிலிருந்து அங்கி போட்ட தன் படத்தை இறக்கிக்கொண்டு வந்து இலைக்கு எதிரில் சாய்த்து வைத்தான்.

"ஐயோ, இன்னா காரியம்டா பண்ற!" என்று அக்கா கத்தினாள். நான் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தேன். "உசுரோட கீற புள்ள படத்துக்கா படைப்பாங்க? எடுடா கண்ணு, வாணாம்."

அவன் என் கையை மெதுவாக விலக்கினான். சந்தனத்தைக் குழைத்தான். கண்ணாடியில் தன் முகத்தின் பக்கம் போகவே இல்லை. இடுப்போரத்தில், அங்கித் துணியை இறுக்கிப் பிடித்திருந்த அந்த நாலு விரல்களின் மேல் பொட்டு வைத்தான். அதன்மேல் குங்குமம் வைத்தான். மாலையைச் சட்டத்தில் போடாமல், ஒரே ஒரு சாமந்தியைக் கிள்ளி அந்த மூலையில் செருகினான்.

"சாப்புடு நைனா" என்றான்.